ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவரும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். உழைப்பைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் இன்றைக்கு ஒரே ஒரு கணக்கைப் பற்றிப் பேசப் போகிறேன். "என்னடா இது, கொண்டாட்ட நாளிலே கணக்கா?" என்று பிள்ளைகள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பொறுத்துக் கேளுங்கள். இந்த ஒரு கணக்கு நம் பிள்ளைகள் பலருடைய பாதையைத் திருப்பிவிட்டிருக்கிறது. அதனால்தான் இதை மேடையேற்றுகிறேன்.

சற்று முன்பு கணிதப் பாடத்துக்குப் பரிசு வாங்கின பிள்ளைகளைப் பார்த்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது. இவர்களில் எத்தனை பேர் நாளைக்குப் படிவம் 4-ல் வேதியியல் வகுப்பில் உட்காருவார்கள்? உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் கடைசிவரை இருப்பார்கள்? மருந்தாளராக வேண்டுமா, மருத்துவராக வேண்டுமா, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்க வேண்டுமா, அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்த வாசற்படியில் ஒரு கல் கிடக்கிறது. பல பிள்ளைகள் அதில் தடுக்கி விழுந்து, "இது நமக்கு வராது" என்று திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கல்லுக்குப் பெயர் வேதிச் சமன்பாட்டுக் கணக்கு. "இவ்வளவு பொருள் போட்டால் எவ்வளவு பொருள் கிடைக்கும்?" என்று கேட்கிற கணக்கு.

நானும் அதில் விழுந்தவன்தான். 1978-ஆம் ஆண்டு நான் படிவம் 4 மாணவன். லயத்து வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்து, பேருந்து பிடித்துப் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போன பையன். மாதச் சோதனையில் ஒரு கேள்வி வந்தது. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் அம்மோனியா உண்டாகும். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு மூன்று பங்கு ஹைட்ரஜன் என்று சமன்பாடு சொல்கிறது. 28 கிலோ நைட்ரஜனுக்கு எத்தனை கிலோ ஹைட்ரஜன் வேண்டும்?

எனக்கு ஒரே சந்தோஷம். ஒன்றுக்கு மூன்று, ஆகவே 28-ஐ மூன்றால் பெருக்கு. 84 கிலோ என்று எழுதினேன். என் பக்கத்தில் இருந்த கூட்டாளியும் அதையேதான் எழுதினான். அவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். திருத்தின தாள் வந்தது. இரண்டு பேருக்கும் சிவப்புக் கோடு. ஏன் தப்பு என்று கேட்டோம். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது, வேறு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. அடுத்த வாரம் என் கூட்டாளி வேறு வகுப்புக்கு மாறிப் போனான். இன்று அவன் நல்லபடியாகத்தான் இருக்கிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தம்பி தங்கைகளே, அவனை வெளியே தள்ளினது அறிவுக் குறைவு அல்ல. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரே ஒரு வரி.

அந்த ஒரு வரியை எனக்குச் சொல்லிக் கொடுத்தது பள்ளிக்கூடம் அல்ல, பட்டணத்து இரும்புக்கடை.

எங்கள் தோட்டத்துப் பட்டறையில் வேலை பார்த்த ஓர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, வரும்போது நூறு போல்ட்டு வாங்கிட்டு வா. ஒரு போல்ட்டுக்கு ரெண்டு நட்டு. மறந்துடாதே" என்றார். கடைக்காரர் போல்ட்டை ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. ஒரு போல்ட்டு 20 கிராம், ஆகவே நூறு போல்ட்டுக்கு 2 கிலோ என்று தராசில் அள்ளிப் போட்டார். பிறகு நட்டை அள்ளினார். 1 கிலோவில் நிறுத்திவிட்டார்.

நான் விடவில்லை. "நட்டு ரெண்டு மடங்கு ஆச்சே! நாலு கிலோவில்ல வேணும்?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தம்பி, நட்டு சின்னது. ஒண்ணு அஞ்சு கிராம்தான். எண்ணிப் பாரு" என்றார். உட்கார்ந்து எண்ணினேன். சரியாக 200 இருந்தது.

அந்த நிமிடம் என் மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. எண்ணிக்கையில் இரண்டு மடங்கு, எடையிலோ பாதி! "ஒன்றுக்கு இரண்டு" என்பது எண்ணிக்கையின் பேச்சு. தராசு காட்டுவது எடையின் பேச்சு. இரண்டையும் நேராக முட்டவிட்டால் தப்புத்தான் வரும். நடுவிலே ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும்.

பெற்றோர்களே, இன்று என் பேச்சில் வேறெதையும் நினைவு வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள். வேதிச் சமன்பாடு எடையைச் சொல்வதில்லை, எண்ணிக்கையைச் சொல்கிறது. எனக்குச் சொல்லிக் கொடுக்காத அந்த ஒரு வரி இதுதான்.

இனி, சமன்பாடு என்றால் என்ன என்று பார்ப்போம். வகுப்பில் இதைக் குறியீட்டு எழுத்துகளால் எழுதுவார்கள். இங்கே பெரியவர்களும் இருப்பதால் நான் பெயர்களையே சொல்லிப் போகிறேன்.

காற்றிலே உள்ள நைட்ரஜன் தனி ஆளாக இருப்பதில்லை. இரண்டு அணு ஜோடி சேர்ந்தே இருக்கும். ஹைட்ரஜன் வாயுவும் அப்படித்தான், ஜோடி. அம்மோனியாவிலே ஒரு நைட்ரஜன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுவும் ஒரே குடும்பமாக இருக்கும். இப்படிச் சேர்ந்திருக்கும் குடும்பத்தைத்தான் மூலக்கூறு என்கிறோம்.

ஒரு நைட்ரஜன் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு நைட்ரஜன் அணு. ஒரு அம்மோனியாவுக்கு ஒன்றுதான் தேவை. அப்படியானால் இரண்டு அம்மோனியா உண்டாக வேண்டும். இரண்டு அம்மோனியாவுக்கு எத்தனை ஹைட்ரஜன் அணு? மும்மூன்றாக ஆறு. ஆறு அணு என்றால் மூன்று ஜோடி. ஆகவே,

1 நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா

இதுதான் சமப்படுத்தின சமன்பாடு. இந்தப் பக்கம் போன அணு ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் வந்து சேர்ந்தாக வேண்டும். ஒன்றுகூடக் காணாமல் போகக் கூடாது. ஒன்றுகூடப் புதிதாக முளைக்கக் கூடாது. காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பிள்ளைகள் செய்யும் ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சமப்படுத்துகிறேன் என்று சொல்லி, மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் சின்ன எண்ணை மாற்றிவிடுவார்கள். அது கூடாது. உள்ளே இருக்கும் சின்ன எண், ஒரு வீட்டில் எத்தனை பேர் என்பது. முன்னால் போடும் பெரிய எண், லயத்தில் அப்படி எத்தனை வீடு என்பது. வீட்டின் எண்ணிக்கையை நீங்கள் கூட்டலாம், குறைக்கலாம். வீட்டுக்குள் புகுந்து ஆளை மாற்றினால் அது வேறு குடும்பமாகிவிடும். ஒரு பிராணவாயு அணுவோடு இரண்டு ஹைட்ரஜன் அணு சேர்ந்தால் குடிக்கிற தண்ணீர். அதிலேயே இன்னொரு பிராணவாயு அணுவைச் சேர்த்து எழுதிவிட்டால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு. புண் கழுவுகிற மருந்து அது. குடிக்கிற தண்ணீர் அல்ல.

சரி, சமன்பாடு எண்ணிக்கையைச் சொல்கிறது. ஆனால் அணுவை எண்ண முடியுமா? கண்ணுக்கே தெரியாதே! இரும்புக்கடைக்காரர் செய்ததைத்தான் வேதியியலாரும் செய்தார்கள். தராசால் எண்ணினார்கள்.

முட்டையை டஜன் கணக்கில் வாங்குகிறோம். டஜன் என்றால் 12. அதுபோல வேதியியலில் ஒரு பெரிய டஜன் உண்டு. அதன் பெயர் மோல். 602 என்று எழுதி அதன் பின்னால் 21 பூஜ்யம் போட்டால் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். அதைக் கணக்கில் பெருக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. ஒவ்வொரு பொருளிலும் ஒரு மோல் எடை எவ்வளவு என்று தெரிந்தால் போதும். நைட்ரஜன் வாயு 28 கிராம். ஹைட்ரஜன் வாயு 2 கிராம். அம்மோனியா 17 கிராம். பிராணவாயு 32 கிராம். கரி 12 கிராம். போல்ட்டு 20 கிராம், நட்டு 5 கிராம் என்று கடைக்காரர் வைத்திருந்தாரே, அந்தப் பட்டியல்தான் இது. சோதனையில் அணு எடைகளைக் கொடுத்துவிடுவார்கள். கூட்டிக்கொள்வது நம் வேலை.

இப்போது கணக்குக்கு மூன்று படி. பிள்ளைகளே, விரலை மடக்கிக்கொள்ளுங்கள்.

முதற்படி: எடையை எண்ணிக்கையாக்கு. கொடுத்த எடையை ஒரு மோல் எடையால் வகு.

இரண்டாம் படி: சமன்பாடு சொல்லும் விகிதத்தைப் போடு.

மூன்றாம் படி: எண்ணிக்கையைத் திரும்ப எடையாக்கு. ஒரு மோல் எடையால் பெருக்கு.

வகு, விகிதம் போடு, பெருக்கு. அவ்வளவுதான்.

செய்து பார்ப்போம். 140 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. எவ்வளவு ஹைட்ரஜன் வேண்டும்? எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்?

140-ஐ 28-ஆல் வகுத்தால் 5. ஐந்து மோல் நைட்ரஜன்.
ஒன்றுக்கு மூன்று: 15 மோல் ஹைட்ரஜன். ஒன்றுக்கு இரண்டு: 10 மோல் அம்மோனியா.
15-ஐ 2-ஆல் பெருக்கினால் 30 கிராம் ஹைட்ரஜன். 10-ஐ 17-ஆல் பெருக்கினால் 170 கிராம் அம்மோனியா.

இனி சரிபாருங்கள். உள்ளே போனது 140-உம் 30-உம், கூட்டினால் 170. வெளியே வந்தது 170. தராசு நேராக நிற்கிறது! மூன்று படியிலே எங்காவது சறுக்கியிருந்தால் இது பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

நான் சோதனையில் எழுதின 84 கிலோவுக்கு வருவோம். 28 கிலோ நைட்ரஜனுக்கு உண்மையில் வேண்டியது 6 கிலோ ஹைட்ரஜன்தான். பதினான்கு மடங்கு கூட்டி எழுதியிருந்தேன்! இப்படிப்பட்ட ஆளிடம் உர ஆலையை ஒப்படைத்தால் என்னாவது? சிரிக்காதீர்கள். நம் நாட்டில் பிந்துலுவிலும் கெடாவின் குருனிலும் அம்மோனியா செய்து அதிலிருந்து யூரியா உரம் செய்கிறார்கள். செம்பனைக்கு நீங்கள் மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போடும் வெள்ளை உரத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கு நிற்கிறது. காற்றில் இருக்கும் நைட்ரஜனை இப்படிப் பிடித்துக் கட்ட ஜெர்மானியர் பிரிட்ஸ் ஹேபர் வழி கண்டார். கார்ல் போஷ் அதைப் பெரிய ஆலையாக்கினார். 1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவில் அந்த ஆலை ஓடத் தொடங்கியது. ஆலையில் ஒரே சுற்றில் எல்லா வாயுவும் அம்மோனியாவாகிவிடாது. மிச்சத்தைத் திருப்பித் திருப்பி உள்ளே விடுவார்கள். காகிதத்தில் வரும் விடை, அதிகபட்சம் எவ்வளவு கிடைக்கலாம் என்பதற்கான எல்லைக்கோடு.

அடுத்து, பிள்ளைகளை மயக்குகிற இன்னொரு கேள்வி. இரண்டு பொருளில் ஒன்று குறைவாக இருந்தால்? அதே 140 கிராம் நைட்ரஜன், ஆனால் ஹைட்ரஜன் 24 கிராம்தான் இருக்கிறது. 24-ஐ 2-ஆல் வகுத்தால் 12 மோல். மூன்றுக்கு ஒன்று என்பதால் அது 4 மோல் நைட்ரஜனைத்தான் பிடிக்கும். நம்மிடம் 5 மோல் இருக்கிறது. ஆகவே 8 மோல் அம்மோனியா, அதாவது 136 கிராம் கிடைக்கும். ஒரு மோல் நைட்ரஜன், 28 கிராம், வேலையில்லாமல் மிச்சம் நிற்கும். சரிபார்ப்போம்: 140-உம் 24-உம் 164. 136-உம் 28-உம் 164. சரி! போல்ட்டு எத்தனை குவிந்து கிடந்தாலும் நட்டு தீர்ந்தால் வேலை நின்றுவிடும். தீர்ந்துபோகிற பொருள்தான் விடையைத் தீர்மானிக்கிறது.

தாய்மார்களே, இது புத்தகத்தோடு போகிற விஷயம் அல்ல. உங்கள் வீட்டுக்குள் வரும் விஷயம். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுச் சாம்பிராணி போடுகிறோம். கரி நெருப்பை அறைக்குள் கொண்டுவந்து, காற்று அடிக்கும் என்று கதவையும் சன்னலையும் சாத்துகிறோம். அங்கே என்ன நடக்கிறது தெரியுமா?

காற்று தாராளமாக இருந்தால் ஒரு கரி அணு இரண்டு பிராணவாயு அணுவைப் பிடித்துக்கொள்ளும். 12 கிராம் கரி 32 கிராம் பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயு ஆகும். காற்று பற்றாமல் போனால், பிராணவாயுதான் நட்டு மாதிரித் தீர்ந்துபோகிற பொருள். அப்போது ஒரு கரி அணுவுக்கு ஒரு பிராணவாயு அணுவே கிடைக்கும் நிலை வரும். 12 கிராம் கரி 16 கிராம் பிராணவாயுவோடு நின்று 28 கிராம் கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். அது நச்சு வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், தூக்கம் போல வரும், எழுந்திருக்காமலேயே போய்விடலாம். சாம்பிராணி வாசத்தில் அதை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. சமன்பாட்டில் ஓர் எண் மாறினதற்கு இவ்வளவு விலை! ஆகவே மூடின அறைக்குள் கரி நெருப்பைக் கொண்டுவர வேண்டாம். மழை நாளில் வீட்டுக்குள் கரியடுப்பு வைத்து இறைச்சி சுடவும் வேண்டாம். இந்தக் கூட்டத்தில் ஒரு வீட்டார் இதைக் கேட்டு நடந்தாலும் நான் வந்த பயன் கிடைத்துவிடும்.

இனி ரப்பர் ஸ்டோருக்கு வருகிறேன். இங்கே இருக்கும் பெரியவர்கள் பலர் பால் வெட்டினவர்கள். மங்கில் சொட்டின பாலைக் காண்டாவில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு வந்து ஊற்றினவர்கள். என் அப்பா ஸ்டோரில் பாலுக்கு ஆசிட் கலக்கும் வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆசிட் குறைந்தால் பால் சரியாக உறையாமல் தண்ணீர் வெள்ளையாகவே நிற்கும். கூடினால் கட்டி இறுகிப்போய் மிஷினில் ஓட்டவே முடியாது. அப்பா கண்ணாலும் மூக்காலும் அளந்தார். முன்கூட்டியே உறைந்துவிடக் கூடாது என்று சில நாள் பாலில் அம்மோனியா போட்டு அனுப்புவார்கள். அப்பா வாளிக்கு மேல் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இது மருந்து போட்ட பால்டா. இதுக்கு ஆசிட்டு கூடக் கேக்கும்" என்பார்.

ஏன் கூடக் கேட்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. இரும்புக்கடை எனக்குப் பாடம் சொன்ன பிறகு, ஒருநாள் இரவு மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்கார்ந்து அதைக் கணக்காகப் போட்டேன். பார்மிக் ஆசிட் பாலை உறைய வைப்பதற்கு முன் அதிலிருக்கும் அம்மோனியாவோடு சண்டைக்குப் போகும்.

1 அம்மோனியா + 1 பார்மிக் ஆசிட் → 1 அம்மோனியம் பார்மேட்

ஒன்றுக்கு ஒன்று. ஆனால் எடையில் ஒன்றுக்கு ஒன்று அல்ல! ஒரு மோல் அம்மோனியா 17 கிராம். ஒரு மோல் பார்மிக் ஆசிட் 46 கிராம். பாலில் 34 கிராம் அம்மோனியா இருந்தால், 34-ஐ 17-ஆல் வகுக்க 2. ஒன்றுக்கு ஒன்று, 2. அதை 46-ஆல் பெருக்க 92. ஆக 92 கிராம் ஆசிட் அம்மோனியாவை அடக்குவதற்கே போய்விடும். பாலை உறைய வைக்க அதற்கு மேல் வேண்டும். டிரம்மில் இருக்கும் ஆசிட் நூற்றுக்கு 85 பங்குதான் சுத்தம் என்றால், 92 கிராமுக்குப் பதிலாக ஏறக்குறைய 108 கிராம் ஊற்ற வேண்டும்.

அப்பாவிடம் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு எழுத்தும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப நான் சொன்னது சரிதான்னு இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டார். "ஆமாப்பா" என்றேன். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனார்.

எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதைவிடப் பெரிது இன்றுவரை இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, "அனுபவம் இருந்தால் போதுமே, சமன்பாடு எதற்கு?" என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அனுபவம் அந்த ஒரு ஸ்டோருக்கு, அந்த ஒரு பாலுக்குப் போதும். சமன்பாடு எல்லா ஊருக்கும் எல்லாப் பொருளுக்கும் போகும். அப்பாவின் மூக்கு அப்பாவோடு போய்விட்டது. அந்தத் தாளில் இருந்த கணக்கை நான் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

தடுமாறுகிற பிள்ளைகளுக்கு ஓர் ஆறுதலும் சொல்ல வேண்டும். இந்தக் கணக்குக்கு 1792-இல் ரிக்டர் என்ற ஜெர்மானியர் கிரேக்கச் சொற்களைக் கொண்டு ஒரு பெயர் வைத்தார். மூலப்பொருளை அளப்பது என்று அதற்குப் பொருள். பிறகு அணுக் கொள்கையைத் தந்த இங்கிலாந்து அறிஞர் டால்டன், தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனும் ஒரு பிராணவாயுவும்தான் இருக்கின்றன என்று நினைத்தார். எண்ணிக்கை தப்பியது, எடையும் தப்பியது. 1808-இல் வெளிவந்த நூலில் பிராணவாயுவின் எடையை 7 என்று போட்டார். இன்று நாம் 16 என்று படிக்கிறோம். 1811-இல் இத்தாலியர் அவகாட்ரோ சரியான வழியைக் காட்டினார். உலகம் காதில் வாங்கவில்லை. 1860-இல் கார்ல்ஸ்ரூ நகரில் அறிஞர்கள் கூடினபோது, கன்னிசாரோ என்ற இன்னொரு இத்தாலியர் அதை எடுத்து விளக்கின பிறகுதான் மெல்ல மெல்லத் தெளிவு பிறந்தது. நடுவிலே 49 ஆண்டு! பெரிய பெரிய மேதைகளே எடைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் அரை நூற்றாண்டு தடுமாறினார்கள் என்றால், உங்கள் பிள்ளை இரண்டு வாரம் தடுமாறுவது குற்றமா? அதற்காக அவனை மக்கு என்று சொல்லலாமா?

பெற்றோர்களே, இன்னொன்றையும் கவனியுங்கள். வகு, விகிதம் போடு, பெருக்கு என்று சொன்னேனே, இதில் புதுக் கணிதம் எது? எல்லாம் இந்தத் தமிழ்ப்பள்ளியில் படிப்பதுதான். "5 பேனா 10 வெள்ளி என்றால் 8 பேனா எவ்வளவு?" என்ற கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளை, மேலே போய் அந்தக் கணக்கையும் போடும். வாய்ப்பாட்டையும் பின்னத்தையும் விகிதத்தையும் இங்கே ஊன்றிக் கற்றுக்கொண்டால் அந்தக் கல்லை எளிதாகத் தாண்டலாம்.

"நாங்க படிக்காதவங்க, வேதியியல்ல என்ன உதவி செய்ய முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். முடியும். பிள்ளை கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்.

"ரெண்டு பக்கமும் ஆள் கணக்குச் சரியா இருக்கா?"

"எடையை எண்ணிக்கையா மாத்துனியா?"

"உள்ள போனதும் வெளிய வந்ததும் மிச்சம் நின்னதும் கூட்டிப் பார்த்தியா?"

இந்த மூன்றையும் கேட்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. வேதியியல் தெரிய வேண்டியதில்லை. பிள்ளை தடுமாறினால் வீட்டில் இருக்கும் போல்ட்டையும் நட்டையும் எடுத்துத் தரையில் கொட்டுங்கள். என் கூட்டாளிக்கு அன்று அப்படி ஒருவர் கொட்டிக் காட்டியிருந்தால் அவன் வகுப்பு மாறியிருக்க மாட்டான். அந்தக் குறை என் மனத்தில் இன்னும் கிடக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் இந்த மேடையில் இவ்வளவு நேரம் உங்களைக் கணக்குப் போட வைத்தேன்.

மாணவச் செல்வங்களே! ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: அளந்ததை எண்ணிப் பார், எண்ணினதைச் சரிபார். பயந்து மட்டும் ஓடாதே. இந்த மலரை வீட்டுக்குக் கொண்டுபோய், அந்த 140 கிராம் கணக்கை உன் கையால் ஒருமுறை போட்டுப் பார். பிறகு 56 கிராம் நைட்ரஜனுக்குப் போட்டுப் பார். 12 கிராம் ஹைட்ரஜனும் 68 கிராம் அம்மோனியாவும் வந்தால், நீ படிவம் 4-இன் வாசற்படியை இன்றே தாண்டிவிட்டாய்.

 வளர்க நம் பள்ளி! வாழ்க நம் பிள்ளைகள்!